மூஞ்சி கீழே, வெள்ளை மேலே

அக்கா யார்டுக்குள் நுழைவதற்கு முன்னால் யாராவது ஒருவருடைய முகம் நுழையும். பெரும்பாலும் கட்சிக்காரர் முகம். சில நாள் மஞ்சள் நீராட்டு விழாப் பெண்ணின் முகம். சில நாள் ‘கண்ணீர் அஞ்சலி’ என்ற எழுத்துக்குக் கீழே மாலையோடு சிரிக்கும் ஒரு பெரியவர். எல்லாம் சுருட்டிக் கட்டிய பழைய ஃப்ளெக்ஸ் பேனர்கள். புளியந்தோப்பிலிருந்து வரும் ஷேர் ஆட்டோவின் தலையில் ஏறி வந்து, காசிமேட்டில் எங்கள் படகு பழுதுபார்க்கும் யார்டு வாசலில் இறங்கும். பிறகு அக்கா இறங்குவார். அவருக்குப் பின்னால் அவருடைய செட்டுப் பெண்கள் இறங்குவார்கள். கரையேற்றி நிறுத்திய விசைப்படகின் அடியில் அந்த ஃப்ளெக்ஸை விரித்து முடிக்கும்வரை ஒருத்தி கையிலும் சுரண்டுகிற தகடு இருக்காது. தார்ப்பாயக்கா என்று அவருக்குப் பெயர் வந்தது இப்படித்தான்.

நான் படகுக்குப் பெயர் எழுதுகிறவன். பெயர், பதிவு எண், மூக்கில் ஒரு சிலுவையோ வேலோ, ஓனர் ஆசைப்பட்டால் இரண்டு கண். படகைச் சுரண்டி, அடிக்குப் பெயிண்ட் அடித்து, மேலுக்கும் அடித்து, அது காய்ந்த பிறகுதான் என் வேலை ஆரம்பிக்கும். அதாவது அக்கா முடித்தால்தான் நான் தொடங்க முடியும். என் பாதி வாழ்க்கை இந்த அக்காவுக்காகக் காத்திருந்ததிலேயே போய்விட்டது என்று சொன்னால் என் மனைவிக்குச் சந்தேகம் வரும். ஆனால் அதுதான் உண்மை.

கடலில் கிடக்கும் படகின் அடியில் சிப்பியும் பாசியும் ஒட்டி வளரும். வளர வளரப் படகு இழுக்கும், டீசல் குடிக்கும். அதைத் தடுக்க அடிப்பாகத்துக்கு ஒரு சிவப்புப் பெயிண்ட் உண்டு. அதில் செம்புத்தூளும் வேறு மருந்தும் கலந்திருக்கும். ஒட்ட வரும் சிப்பிக் குஞ்சு செத்துப்போகும். வருஷா வருஷம் மீன்பிடித் தடைக்காலத்தில் எல்லாப் படகும் கரையேறி, பழைய பெயிண்ட்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அடித்துக்கொள்ளும். சுரண்டிய தூள் மண்ணில் விழும். மழை வந்தால் யார்டு சரிவு வழியாக அப்படியே தண்ணீருக்குப் போகும். மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று படகை நிறுத்திவிட்டு, நிறுத்திய படகிலிருந்து விஷத்தை அந்தத் தண்ணீரிலேயே கொட்டிக்கொண்டிருந்தோம். இதை நினைத்து யார்டில் ஒருத்தருக்கும் சிரிப்புக்கூட வந்ததில்லை.

அக்காவுக்கு வேண்டியது ஒன்றுதான். சுரண்டியது ஒரு சிட்டிகைகூடக் கடலுக்குத் திரும்பிப் போகக் கூடாது. அவரோடு பழகிய அத்தனை வருஷத்தில் வேறு எதற்காகவும் அவர் சண்டை போட்டு நான் பார்க்கவில்லை. இதற்காக யாரோடும் சண்டை போடாமல் விட்டதையும் பார்க்கவில்லை.

இந்த விஷயத்தை அவர் எங்கே பிடித்தார் என்பது ஒரு வேடிக்கை. ஒரு முறை பெயிண்ட் கம்பெனிக்காரர்கள் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். வந்தவர்களுக்குத் தொப்பியும் பிரியாணிப் பொட்டலமும் உண்டு. நாங்கள் எல்லாரும் தொப்பிக்கும் பிரியாணிக்கும் போனோம். மேடையில் ஒருவர் படம் காட்டி ஏதோ பேசினார். எங்களில் பாதிப் பேர் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தோம், மீதிப் பேர் சமையற்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா மட்டும் முன்வரிசையில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். கேட்டதோடு நிற்காமல் பேசினவரை வாசல்வரை துரத்திப் போய், “சார், சொரண்டுறப்போ கீய இன்னா போடணும், அத திருப்பிச் சொல்லு” என்று நிறுத்தி வைத்துக் கேட்டார். அந்த மனிதரும் நல்லவர். பசியோடு நின்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். கீழே விரிக்க வேண்டும், நனைக்காமல் சுரண்டக் கூடாது, மூக்கை மூட வேண்டும், தூளை மூட்டை கட்டி அதற்கென்று இருக்கிற இடத்துக்கு அனுப்ப வேண்டும்.

யார்டில் தார்ப்பாய் கேட்டதற்கு மேனேஜர் கையை விரித்தார். அக்கா தெருவுக்குப் போனார். வடசென்னையில் எது கிடைக்கிறதோ இல்லையோ, ஃப்ளெக்ஸ் கிடைக்கும்.

முதல் வருஷமே அதில் ஒரு பஞ்சாயத்து. வட்டாரத் தலைவர் ஒருவரின் பிறந்தநாள் ஃப்ளெக்ஸ், நல்ல அகலம், ஒரு படகுக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. அவர் முகத்தின்மேல் சிவப்புத் தூளும் செத்த சிப்பியும் கொட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, பைக்கில் அவருடைய ஆட்கள் வந்துவிட்டார்கள்.

“இன்னாக்கா, தலைவரு மூஞ்சி மேல கலீஜ கொட்டிகினு கீறே?”

“நீங்கதான் நைனா போஸ்டுல கட்டிட்டு மயையில வுட்டுட்டுப் போனீங்க. கியிஞ்சி கால்வாயில கெடந்துச்சி. நான் எட்த்தாந்து அவருக்கு ஒரு வேல குட்த்துகீறேன்.”

“மொதல்ல எடுக்கா. இல்லாங்காட்டி பேஜாராய்டும்.”

அக்கா தன் செட்டில் வலது கையாக இருந்த தேவியைக் கூப்பிட்டார்.

“தேவி, எல்லாத்தையும் வயிச்சி மூட்டையில போட்டுட்டு, இத திருப்பிப் போடுடி. மூஞ்சி கீய, வெள்ள மேல. தலைவரு கொஞ்ச நேரம் பூமியப் பாத்துகினு இருக்கட்டும்.”

வந்தவர்கள் பைக்கைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். திருப்பிப் போட்ட பிறகுதான் எங்களுக்கே ஒன்று புரிந்தது. ஃப்ளெக்ஸின் பின்பக்க வெள்ளையில் சிவப்புத் தூள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. ஒன்றைக்கூட விடாமல் கூட்டி அள்ள முடிந்தது. அன்றிலிருந்து அது சட்டமாகிவிட்டது. கட்சிக்காரரோ, கல்யாண ஜோடியோ, செத்துப்போனவரோ, யாராக இருந்தாலும் மூஞ்சி கீழே, வெள்ளை மேலே. வேலை முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் மூட்டையிலேயே போட்டுவிடுவார்.

அவரோடு வேலை செய்வது சுலபமில்லை. படகின்மேல் தண்ணீரை ஊற்ற விட மாட்டார், தெளிக்கத்தான் விடுவார். ஊற்றினால் தரையில் ஓடிவிடுமாம், தெளித்தால் தூள் மட்டும் அடங்குமாம். மதியத்துக்கு மேல் கடல்காற்று எழுந்து ஃப்ளெக்ஸின் ஓரம் படபடக்க ஆரம்பித்தால் வேலையை நிறுத்திவிடுவார். ஓனர் தலையில் அடித்துக்கொள்வார், நான் பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டு டீக்கடைக்குப் போவேன். அங்கேயும் விட மாட்டார். ஒரு நாள் அவர் வாங்கி வைத்திருந்த பஜ்ஜியில் கை வைத்தேன். பட்டென்று என் புறங்கையில் ஒரு அடி.

“கைய கய்விட்டு வா ஆர்ட்டிஸ்ட்டு.”

“நான் சொரண்டவே இல்லக்கா. எய்தத்தான் போறேன்.”

“படகத் தொட்டியா?”

“தொட்டேன்.”

“அப்போ கய்வு. வூட்ல கொயந்தைங்கள தூக்குற கைதான அது?”

என் அம்மாகூட என்னை அப்படிக் கை கழுவ அனுப்பியதில்லை. எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் இன்றைக்கும் வீட்டுக்குப் போனால் குழாயடிக்குத்தான் முதலில் போகிறேன்.

மூன்று படகு வைத்திருந்த ஒரு ஓனர் இருந்தார். பெரிய குரல், பெரிய வயிறு, யார்டில் எல்லாரும் அவருக்கு வழிவிடுவார்கள். ஒரு தடைக்காலத்தில் அவர் எங்கிருந்தோ ஒரு பழைய டிரம் கொண்டுவந்து இறக்கினார். கப்பலுக்கு அடிக்கிற சரக்காம். பெயர் ஒட்டியிருந்த இடத்தைச் சுரண்டி எடுத்திருந்தார்கள்.

“இத ஒரு தபா அடிச்சிட்டா அப்பால சிப்பி இந்தப் பக்கமே வராது” என்றார்.

அக்கா மூடியைத் திறக்கக்கூட விடவில்லை. “பேரச் சொரண்டிட்டு வித்துகீறான்னா அது இன்னா சரக்குன்னு வித்தவனுக்குத் தெரியும். அந்தக் கூட்டத்துல சொன்னாங்க, பயய கப்பல் பெயிண்ட்டு ஒண்ணு, அது கலந்த தண்ணில நத்தைக்குக்கூட குட்டி தங்காதாம். ஒலகம் பூரா நிறுத்திட்டாங்களாம். அது இதுவா இருந்தா? பேரு இல்லாத டப்பாவ என் செட்டு தொடாது.”

“நீ இல்லாங்காட்டி வேற செட்டு இல்லியா?”

“கீது. இட்டுனு வா.”

வேறு செட்டை அழைத்து வந்தார். அவர்கள் அவசரமாகச் சுரண்டின படகில் புதுப் பெயிண்ட் செதில் செதிலாக உரிந்து வந்தது. அடுத்த வருஷம் அவரே அக்காவைத் தேடி வந்தார், கடையில் வாங்கிய பெயர் போட்ட டப்பாவோடு. அக்கா டப்பாவைத் திருப்பிப் பெயரை மட்டும் படித்துப் பார்த்துக்கொண்டார்.

இப்போது மூட்டைகளுக்கு வருகிறேன். அக்காவின் உயிர் அதில்தான் இருந்தது. கட்டிய மூட்டைகளை யார்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் பலகை போட்டு அடுக்கி, மேலே ஃப்ளெக்ஸ் போட்டு மூடி வைத்திருந்தார். கும்மிடிப்பூண்டிப் பக்கம் இந்த மாதிரிக் கழிவுக்கென்றே ஒரு இடம் இருக்கிறது. மேனேஜர் லாரி சொன்னால் வந்து எடுத்துப்போவார்கள். மேனேஜரும் மறுத்ததே இல்லை. “அடுத்த வாரம்க்கா” என்பார். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. மூட்டைகள் கொட்டகையை நிறைத்துக்கொண்டிருந்தன.

ஒரு வருஷம் மழைக்காலத்தில் புயல் வந்தது. அலை யார்டின் விளிம்பைக் கரைத்துக்கொண்டு உள்ளே வர ஆரம்பித்தது. காவல்காரரும் படகில் இருந்த ஆட்களும் எதையாவது போட்டு அடைக்கலாம் என்று தேடியபோது, கொட்டகையில் வரிசையாக, கட்டு கட்டாக மூட்டைகள் இருந்தன. மண்மூட்டை என்று நினைத்துவிட்டார்கள். கொட்டுகிற மழையில் தோளில் தூக்கி வந்து அலைக்கு எதிரே சுவர் மாதிரி அடுக்கிவிட்டார்கள்.

மறுநாள் பஸ், ஆட்டோ எதுவும் ஓடவில்லை. அக்கா புளியந்தோப்பிலிருந்து முழங்கால் தண்ணீரில் நடந்தே வந்தார். என் பெயிண்ட் டப்பாக்கள் என்ன ஆயிற்று என்று பார்க்க நானும் வந்திருந்தேன்.

காவல்காரர் பெருமையாக ஓடி வந்தார். “அக்கா, உன் மூட்டதான் யார்டையே காப்பாத்திச்சி!”

அக்கா அந்தச் சுவரைப் பார்த்தார். கீழ் வரிசையில் சில மூட்டைகள் கிழிந்து, அலை வந்து போகும்போதெல்லாம் தண்ணீர் சிவப்பாகக் கலங்கியது. யாரையும் திட்டவில்லை. அப்படியே ஈரத்தில் உட்கார்ந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

“எங்கம்மா எண்ணூர் ஆத்துல எறங்கி, சேத்துல கைய வுட்டுத் தடவி எறா புடிக்கும். எனக்குப் பொயப்பு கெடச்சது அதே கரையிலதான், இதே சொரண்டுற வேல. மேல நான் கொட்டிகினு இருப்பேன். கீய அது தடவிகினு இருக்கும். எங்கம்மா கை அது. அப்போ ஒண்ணியும் தெர்ல. இப்போ தெரிஞ்சிகினும் கொட்டுனா நான் இன்னா பொம்பள?”

சொல்லிவிட்டு முந்தானையை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். கையுறையை மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி முதல் மூட்டையை இழுத்தார். காவல்காரரும் இறங்கினார். அதற்குப் பிறகு நான் மட்டும் எப்படி நிற்பது? கிழியாத மூட்டைகளை இழுத்து மேலேற்றினோம். அலையைத் தடுக்க அந்த இடத்தில் உடைந்த கட்டைகளையும் கல்லையும் போட்டோம். கிழிந்த மூட்டைகளில் மிச்சம் இருந்ததைப் புதுச் சாக்கில் அள்ளினோம். கரைந்துபோனது போனதுதான்.

அடுத்த தடைக்காலம் வந்தது. படகுகள் ஏறின. அக்காவின் செட்டு வந்தது, ஃப்ளெக்ஸ் விரிந்தது, மூஞ்சி கீழே, வெள்ளை மேலே. பெண்கள் அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். தகடு எடுக்கவில்லை. மேனேஜர் வந்தார்.

“இன்னாக்கா, பூஜ போடணுமா?”

“லாரி வரணும்.”

“அடுத்த வாரம்க்கா.”

“அப்போ நாங்களும் அடுத்த வாரம் சொரண்டுறோம்.”

அவ்வளவுதான். மறுநாளும் வந்தார்கள், உட்கார்ந்தார்கள். அதற்கு அடுத்த நாளும். அந்தப் பெண்கள் எல்லாம் அன்றன்றைக்கு உழைத்து அன்றன்றைக்கு உலை வைப்பவர்கள். தேவிக்கு வீட்டில் இரண்டு பிள்ளைகள். “கஷ்டமாத்தான்டி கீது, போறவ போலாம், நான் ஒண்ணியும் சொல்ல மாட்டேன்” என்று அக்கா அவர்களிடம் நேராகவே சொன்னார். ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. நான் படகு ஓரம் என் டப்பாக்களோடு உட்கார்ந்து, டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

யார்டில் இடம் கொஞ்சம். ஏறின படகு இறங்கினால்தான் வெளியே காத்திருக்கும் படகு ஏற முடியும். தடை முடிகிற நாளில் கடலில் இருக்காவிட்டால் அந்தச் சீசனே போச்சு. ஓனர்கள் கூடிவிட்டார்கள். அந்தப் பெரிய குரல் ஓனர்தான் முன்னால் நின்று கத்தினார். வேறு செட்டைக் கொண்டுவருவேன் என்று அவர் இந்தத் தடவை சொல்லவில்லை. உரிந்துபோன பெயிண்ட் அவருக்கு நினைவிருந்தது.

“ஒரு நா போனா எனக்கு இன்னா நஷ்டம் தெரியுமாக்கா உனக்கு?”

அக்கா எழுந்திருக்கவே இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

“என்னாண்ட இன்னாத்துக்கு கத்திகினு கீறே? லாரி வந்தா நான் இந்த நிமிஷம் சொரண்டுவேன். லாரிய வர வைக்கிறவரு தோ, ஏசி ரூம்ல குந்திகினு கீறாரு. அங்க போய் கத்து. உன் கொரலுக்கு லாரி என்னா, ரயிலே வரும்.”

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். அந்த ஓனருக்கு முகம் சிவந்தது. ஒரு கணம் அக்காவை முறைத்தவர், சட்டென்று திரும்பி மேனேஜர் அறைக்குள் போனார். மற்ற ஓனர்களும் பின்னாலேயே போனார்கள். உள்ளே என்ன பேசினார்கள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. அவருடைய குரல் மட்டும் கேட்டது, நன்றாகவே கேட்டது.

மறுநாள் காலையில் லாரி வந்தது. மூட்டைகளை ஏற்றும்போது அக்கா பக்கத்திலேயே நின்று, முடிச்சு இறுக்கமாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து அனுப்பினார். லாரி தெரு திரும்பியதும் கையைத் தட்டினார்.

“இன்னாடி வேடிக்க பாத்துகினு கீறீங்க? தகட எடுங்க.”

தடை முடிந்த அன்று எல்லாப் படகும் கடலில் இருந்தது. கடைசிப் படகுக்கு நான் எண் எழுதியபோது பெயிண்ட் சரியாகக்கூடக் காயவில்லை, எண்ணில் இருந்த எட்டு கொஞ்சம் வழிந்தபடியேதான் கடலுக்குப் போயிற்று. அதற்குப் பிறகு ஒவ்வொரு தடைக்காலத்திலும் கடைசிப் படகு இறங்குவதற்கு முன்னால் லாரி வந்துவிடும். மேனேஜர் வாயில் அடுத்த வாரம் என்ற பேச்சே இல்லாமல் போயிற்று.

அக்காவுக்கு இருமல் இருந்தது. முகமூடி இல்லாமல் சுரண்டின பழைய வருஷங்களின் இருமல் என்று அவரே சொல்வார். போன தை மாதம், வேலைக்குப் போக ஷேர் ஆட்டோவுக்கு நின்றவர் அப்படியே நடைபாதையில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. புளியந்தோப்பில் அவர்கள் குடியிருப்பின் முன்னால் பிள்ளைகள் பெரிய ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். ‘கண்ணீர் அஞ்சலி.’ ஏதோ கல்யாணத்தில் எடுத்த படம். மல்லிகைப்பூவும் பட்டுப்புடவையுமாக, கேமராவைப் பார்த்து முறைத்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் அவருடைய பெயரை நான் அந்த ஃப்ளெக்ஸில்தான் முதன்முதலாகப் படித்தேன். அது எனக்கு யாரோ ஒருவருடைய பெயர் போலவே இருந்தது. அதனால் அதை இங்கே எழுதவில்லை.

இந்தத் தடைக்காலத்தின் முதல் நாள். ஷேர் ஆட்டோ வந்தது. அதன் தலையிலிருந்து தேவி ஒரு ஃப்ளெக்ஸை இறக்கினாள். படகின் அடியில் பிரித்தபோதுதான் யாருடையது என்று தெரிந்தது.

ஒருத்தி குனிந்து அதைத் திருப்பப் போனாள். சட்டம் அதுதானே.

“திருப்பாதடி” என்றாள் தேவி. “அக்கா மட்டும் மேல பாக்கட்டும். ஒரு தூளு வெளிய வுயுந்தாலும் அதுக்குத் தெரியணும்.”

படகுக்குத் தண்ணீர் தெளித்தார்கள். முகமூடியை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். தகடுகள் உரச ஆரம்பித்தன. சிவப்புத் தூளும் சிப்பியும் மல்லிகைப்பூமேலும் பட்டுப்புடவைமேலும் விழுந்தன. வண்ணப் படத்தின்மேல் தூள் சரியாகத் தெரியவில்லை, அதனால் இரண்டு தடவை கூட்ட வேண்டியிருந்தது. மதியம் காற்று எழுந்ததும் யாரும் சொல்லாமலே நிறுத்தினார்கள். மூட்டை கட்டி முடித்த பிறகு தேவி ஈரத்துணியோடு மண்டியிட்டு, நெற்றியிலிருந்து ஆரம்பித்து அந்த முகத்தைத் துடைத்தாள். கண்ணோரத்தில் ஒட்டியிருந்த ஒரு சிவப்புச் செதிலை நகத்தால் எடுத்துத் துணியில் வைத்து மடித்து மூட்டைக்குள் போட்டாள்.

நான் என் டப்பாக்களை எடுத்து வைத்துவிட்டுப் போய்க் கை கழுவிக்கொண்டு வந்தேன்.